கரியமில வாயுவுக்குப் பொன்னாடை

வெயிலைப் பற்றி அவளிடம் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது.

ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் இராஜபாளையம் பஸ்ஸுக்காக நிற்போம். பக்கத்தில் நிற்கிற அம்மா முந்தானையால் விசிறிக்கொண்டே, "என்னா வெக்கை! நேத்தைக்கு இன்னைக்குக் கூட" என்று சும்மா ஒரு வார்த்தை சொல்லும். ஊர் உலகத்தில் அதற்குப் பதில், "ஆமா, தாங்க முடியல" என்பதுதான். அவள் அந்த அம்மாவை அக்கறையோடு திரும்பிப் பார்ப்பாள்.

"நேத்தும் இதே எடத்துலயா நின்னீங்க?"

"இல்ல தாயி. நேத்து தேவதானத்துல மக வீட்டுல இருந்தேன்."

"அப்ப எப்படிக் கூடன்னு சொல்லுதீங்க?"

அதில் துளிக் கேலி இருக்காது. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்பாள். அந்த அம்மா என்னைப் பார்க்கும். நான் பஸ் வருகிற திசையைப் பார்ப்பேன்.

அவளுடைய பெயரை நான் எழுதப் போவதில்லை. எழுதினால், இதில் எந்தெந்த இடத்தில் கொஞ்சம் கூட்டிச் சொல்லியிருக்கிறேன் என்று பத்தி பத்தியாகக் கேட்டு எனக்குச் செய்தி அனுப்புவாள். ஒன்றிரண்டு இடத்தில் கூட்டித்தான் சொல்லியிருக்கிறேன்.

இருவரும் இராஜபாளையத்தில் ஒரு தனியார் கல்லூரியில் வேலை பார்த்தோம். அவள் இயற்பியல், நான் வணிகவியல். நான் சுந்தரபாண்டியத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாக்கப்பட்டு வந்தவள். அவள் பிறந்து வளர்ந்ததே அங்கே, மாட வீதியில். அப்பா பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர். காலையில் நெற்றியில் திருமண்ணோடு ஆண்டாளைச் சேவித்துவிட்டு வந்தால்தான் அவருக்குக் காபி. அம்மா தவறிவிட்டார். அண்ணன் கோயம்புத்தூரில் குடும்பத்தோடு இருந்தான். அப்பாவும் மகளும் அந்த வீட்டில் ஒருவரை ஒருவர் தொந்தரவு செய்யாமல் இருந்தார்கள்.

தேரை இழுத்து முடித்து அதன் இடத்தில் கொண்டுவந்து நிறுத்தினால், "தேர் நிலைக்கு வந்துருச்சு" என்பது எங்கள் ஊர்ப் பேச்சு. அவள் அந்த வார்த்தையை ஆய்வகத்துக்குள் கொண்டுபோய்விட்டாள். அங்கே ஒரு தொட்டி நிறைய எண்ணெய் இருக்கும். அதன் சூடு ஏறி, கொஞ்சம் இறங்கி, அலைந்து ஓரிடத்தில் நிற்கும்வரை அவள் எந்த அளவையும் எடுக்க மாட்டாள். கேட்டால், "இன்னும் நிலைக்கு வரல" என்பாள். துறைக் கூட்டத்தில் அபிப்பிராயம் கேட்டாலும் அதேதான், கேன்டீனில் காபி எப்படி என்று கேட்டாலும் அதேதான். பிள்ளைகள் அவளுக்குத் தேர் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். மெதுவாகத்தான் வரும், ஆனால் குறுக்கே போய் நிற்கக் கூடாது என்று ஒருவன் எனக்கு விளக்கம் சொன்னான்.

அவள் பிஎச்.டி.க்காக என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்பது எனக்கு வெகுநாள் புரியவில்லை. வரவு செலவு படித்த எனக்குப் புரியவைக்க அவள் ஒருநாள் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டே பாடம் நடத்தினாள்.

"காலைல பிரேயர்ல பிள்ளைக நிக்கும்போது முன்னால மைக்ல சத்தம் வந்தா என்ன செய்யும்?"

"எல்லாம் அந்தப் பக்கம் திரும்பும்."

"அது மாதிரிதான். சில வாயுல ஒவ்வொரு மூலக்கூறுக்கும் பிறவியிலயே ஒரு முகம் உண்டு. ஒரு பக்கம் பிளஸ், ஒரு பக்கம் மைனஸ். மின்சாரம் குடுத்தா அந்தப் பக்கமாத் திரும்பி நிக்கும். இப்பச் சூடேத்துனா என்ன ஆகும்?"

"பிரேயர்ல வெயில் ஏறுனா வரிசை கலைஞ்சு போகும்."

"அம்புட்டுத்தான். சூடு ஏற ஏற வரிசை கலையும். அது எம்புட்டுக் கலையுதுன்னு அளக்கணும்."

"எல்லா வாயுவும் இப்படியா?"

"இல்ல. முகம் இல்லாத வாயுவும் இருக்கு. கரியமில வாயுவுக்கு ரெண்டு பக்கமும் ஒண்ணுபோல இருக்கும். எம்புட்டுச் சூடேத்துனாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது."

"ஒண்ணும் ஆகாதுன்னு தெரிஞ்சபொறவு அதை எதுக்கு அளக்க?"

என் தலையில் ஏதோ குறை இருப்பதைப் புதிதாகக் கண்டவள்போல என்னைப் பார்த்தாள். "அளக்காம எப்படித் தெரியும்?" என்றாள்.

அதற்கான கருவியை அவளே கட்டியிருந்தாள். ஒன்றுக்குள் ஒன்றாக, தொடாமல் நிற்கிற இரண்டு பித்தளைக் குழாய்கள். நடுவில் இருக்கிற இடத்தில் வாயு. வெளியே எண்ணெய்த் தொட்டி. மின்சாரத்துக்கு அந்த வாயு எவ்வளவு வளைந்து கொடுக்கிறது என்பது ஒரு சின்ன ஸ்பீக்கரில் விசில் சத்தமாகக் கேட்கும். விசில் தடிக்கிறதா மெலிகிறதா என்பதுதான் அளவு. காற்றுப் பட்டால் தொட்டியின் சூடு ஆடும் என்பதால் அந்த அறையில் ஃபேன் போடக் கூடாது. எங்கள் ஊர்ச் சித்திரை வெயிலில், கல்லூரி முழுக்க ஃபேன் சுற்ற, அவள் மட்டும் ஈரக் கர்சீப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டு விசிலைக் கேட்டபடி உட்கார்ந்திருப்பாள். பக்கத்து மில்லில் ஷிஃப்ட் மாறினால் கரன்ட் ஒரு குலுக்குக் குலுக்கும். விசில் எகிறும். அன்றைய வேலை வீண். அவள் மறுபடி முதலிலிருந்து சூடேற்றுவாள்.

அம்மோனியாவை அளந்த வாரத்தில் ஏதோ ஒரு மூட்டு கசிந்துவிட்டது. மாடி முழுக்கக் குடலைப் புரட்டும் நாற்றம். பிரின்ஸிபால் மூக்கைப் பொத்திக்கொண்டு, கழிப்பறை சுத்தம் செய்கிற அம்மாவைக் கூப்பிட்டு வராந்தாவில் நிற்கவைத்து ஏசினார். அவள் அறைக்குள்ளிருந்து வியர்வையோடு வெளியே வந்தாள்.

"சார், அது பாத்ரூம் இல்ல. என் வாயு."

அலுவலகத்தில் ஒரு வாரம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்கள். எதற்குச் சிரிக்கிறார்கள் என்று அவள் என்னிடம் கேட்டாள். நான் சொல்லவில்லை. அந்தச் சுத்தம் செய்கிற அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அன்றிலிருந்து அவளுடைய அறை வாசலை இரண்டு தடவை கூட்டிவிட்டுப் போகும்.

அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளை மதுரையில் இன்ஜினியர், நல்ல குணம் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு ஹோட்டலில் ஏசி ஹாலில் வைத்துப் பார்த்தார்கள். மாப்பிள்ளை நிதானமாக, சிரித்த முகமாகப் பேசினார். சம்மதமா என்று அப்பா கேட்டதற்கு இவள் சொன்னாள்: "அவரு ஏசில உக்காந்து பேசுன மனுசன்ப்பா. வெக்கையில எப்படின்னு பாக்கணும்ல? மே மாசம் ஒரு தடவை வீட்டுக்கு வரச் சொல்லுங்க."

அப்பா பட்டாளத்துக்காரர். சொன்ன செய்தியைச் சொன்னபடியே கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார். மே மாதம் யாரும் வரவில்லை.

"ஏட்டி, மாப்பிள்ளை என்ன வாயுவா?" என்று நான் சண்டை போட்டேன்.

"வாயுவா இருந்தாப் பாட்டில்ல அடைச்சு வச்சுப் பாக்கலாம். சரியில்லன்னா தெறந்து விட்டுறலாம். இவரைக் கட்டிக்கிட்ட பொறவுல்ல பாக்கணும்?"

ஒரே ஒரு சாயங்காலம், அதுவும் தலையைக் குனிந்தபடி, என் வீட்டுக்காரரைப் பார்த்துச் சம்மதம் சொன்னவள் நான். என் வீட்டுக்காரர் போலீஸில் ஏட்டு. நாலு மணிக்கு வருகிறேன் என்பார், ஏழு மணிக்கு வருவார். ஒருமுறை எங்கள் வீட்டில் இருந்தபோது அவள் அவரிடமே, "அண்ணே, நீங்க நாலுன்னு சொன்னா நாங்க ஏழுன்னு எடுத்துக்கணுமா, இல்ல நாளுக்கு நாள் மாறுமா?" என்று விசாரித்துவிட்டாள். அதிலிருந்து அவர் அவளை 'உன் தெர்மாமீட்டர்' என்றுதான் சொல்வார். "இன்னைக்கு உன் தெர்மாமீட்டர் வருதா? அப்ப நான் ஸ்டேஷன்லயே இருந்துக்கிடுதேன்."

ஆராய்ச்சியில் கடைசியாகக் கரியமில வாயு மிச்சம் இருந்தது. அதற்குச் சுத்தமான வாயு சிலிண்டர் வேண்டும். கல்லூரியின் கொள்முதல் கமிட்டி அதை அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைத்தது, அடுத்த கூட்டமும் ஒத்திவைத்தது. பல்கலைக்கழகத்தில் அவளுக்குக் கொடுத்த காலக்கெடுவோ முடியப் போகிறது. அவள் தென்காசி ரோட்டில் பன்னீர் சோடா நிரப்புகிற கம்பெனியில் போய் ஒரு சிலிண்டர் வாங்கிவந்தாள். சோடாவுக்குள் இருப்பதும் அதே வாயுதானே.

ஒன்றும் ஆகாது என்று சொல்லிவைத்த வாயு, சூடேற்றினால் மாறியது. வரைபடத் தாளில் நேராகப் போகவேண்டிய கோடு சரிந்து இறங்கியது. அவள் நெற்றியைச் சுருக்கினாள், தாளை மேஜையில் கவிழ்த்து வைத்துவிட்டுக் கருவியைக் கழற்ற ஆரம்பித்தாள். துறைத் தலைவர் நல்ல மனிதர். வாயில் எதுவும் தங்காது என்பதைத் தவிர வேறு குறை கிடையாது. அவர் வந்தார், தாளைத் திருப்பிப் பார்த்தார், மதியத்துக்குள் பிரின்ஸிபாலுக்குத் தெரிந்தது. மறுநாள் செக்ரட்டரி வந்துவிட்டார்.

கல்லூரிக்குச் செக்ரட்டரி என்றால் முதலாளி என்று அர்த்தம். ஊரில் பெரிய நூற்பு மில் அவர் குடும்பத்துடையது. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ், கோபம் வந்தால் இரண்டும். அடுத்த மாதம் கல்லூரிக்குத் தரம் போட ஒரு கமிட்டி வர இருந்த நேரம். அவருக்கு இந்தச் செய்தி பாலில் விழுந்த பழமாக இருந்தது.

"உலகத்துல யாரும் பாக்காதது நம்ம காலேஜ்ல வந்திருக்கு. அம்மா, உங்களுக்குப் பாராட்டு விழா. மேடையிலயே வேலை நிரந்தர ஆர்டர்."

"சார், இன்னும் நிலைக்கு வரல."

"அதெல்லாம் வந்துரும்மா. விழா வியாழக்கிழமை."

செவ்வாய்க்கிழமைக்குள் வாசலில் ஃப்ளெக்ஸ் நின்றது. 'உலக விஞ்ஞானிகளைத் திரும்பிப் பார்க்க வைத்த எங்கள் பேராசிரியை!' அடையாள அட்டையிலிருந்த அவளுடைய போட்டோவைப் பெரிதாக்கியிருந்தார்கள். வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, யாரையோ சந்தேகப்படுகிற முகம். அவள் ஃப்ளெக்ஸைக் கடந்து மேலே போய், வாயு வருகிற பாதையில் ஒரு கண்ணாடிக் குழாயைப் பொருத்தினாள். ஈரத்தை உறிஞ்சுகிற வெள்ளை உப்பை அதில் அடைத்தாள். பித்தளைக் குழாய்களை நன்றாகக் காயவைத்தாள். புதன்கிழமை எனக்கு வகுப்புக் குறைவு. நானும் போய் உட்கார்ந்தேன்.

காலையிலிருந்து சூடு ஏறிக்கொண்டே போனது. விசில் அப்படியே இருந்தது. மதியம் தாண்டியும் அப்படியே.

"கேக்குதா?" என்றாள்.

"ஒண்ணும் மாறலையே."

"ஆமா" என்றாள். உலகமே திரும்பிப் பார்த்த கண்டுபிடிப்பு கையைவிட்டுப் போன ஒருத்திக்கு முகம் இப்படி மலரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. "சோடாக் கம்பெனி கேஸ்ல ஈரம் இருந்திருக்கு. தண்ணிக்கு முகம் உண்டுல்ல? சரிஞ்சது தண்ணி. கரியமில வாயு பாவம், சும்மாதான் இருந்திருக்கு."

நான் நடைமுறை தெரிந்தவள். "நாளைக்கு மேடையில ஆர்டரை வாங்கு. பொறவு மெதுவாச் சொல்லிக்கிடலாம்."

"பொறவுன்னா?"

"ஆர்டர் கையில வந்த பொறவு."

"அப்பச் சொன்னா ஈரம் இல்லன்னு ஆயிருமா?" என்று கேட்டுவிட்டு நேரே பிரின்ஸிபால் அறைக்குப் போனாள். நானும் பின்னால் போனேன்.

பிரின்ஸிபால் எல்லாவற்றையும் கேட்டார். "கொஞ்சம் ஈரந்தானம்மா? காத்துலயே ஈரம் இருக்கு. அதனால என்ன?"

"அதனாலதான் சார் எல்லாமே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஃப்ளெக்ஸ் அடிச்சாச்சும்மா" என்றார், எழவு சொல்கிற குரலில்.

விழா நடந்தது. செக்ரட்டரி பொன்னாடை போர்த்தினார். அவள் மைக்கைப் பிடித்து, எந்தச் சுற்றி வளைப்பும் இல்லாமல், தான் எதையும் கண்டுபிடிக்கவில்லை என்றும், வாயுவில் ஈரம் இருந்தது என்றும், காயவைத்து அளந்தபோது கோடு நேராகவே வந்தது என்றும், இந்த வாயு சூட்டுக்கு அசையாது என்று முன்னமே சொன்னவர்கள் சொன்னது சரிதான் என்றும் ஐந்து நிமிடம் பேசினாள். இதைவிடத் தெளிவாக யாரும் பேச முடியாது. பேசி முடித்ததும் அரங்கமே எழுந்து கைதட்டியது.

"பாகுந்தி, பாகுந்தி" என்று தெலுங்கில் மெச்சிச் செக்ரட்டரி தலையை ஆட்டினார். மைக்கை வாங்கி, "எம்புட்டு அடக்கம் பாத்தீங்களா? ஊரே பாராட்டுது, அந்தம்மா ஒண்ணுமில்ல, ஈரங்கிறாங்க! படிச்சவங்களுக்கு அழகு இதுதான்" என்றார். மறுபடி கைதட்டல். ஆர்டர் மட்டும் இன்னும் கையெழுத்தாகவில்லையாம், கமிட்டி வந்து போகட்டும் என்றார்கள். வந்தவர்களுக்கெல்லாம் பால்கோவா டப்பா கொடுத்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் அவள் பொன்னாடையை மடியில் மடித்து வைத்துக்கொண்டு கேட்டாள்: "நான் தமிழ்லதானட்டி பேசுனேன்?"

கமிட்டி வந்த அன்று துறைத் தலைவர் சரிந்த கோட்டைப் பெரிதாக அச்சடித்து வராந்தாவில் மாட்டியிருந்தார். அவள் அதற்குப் பக்கத்தில் நேர்க்கோடு போட்ட தாளையும் ஒட்டிவைத்தாள். கமிட்டியில் ஒருவர் வெளியூர் இயற்பியல் பேராசிரியர். இரண்டுக்கும் முன்னால் நின்றார்.

"இதுல எது சரி?"

துறைத் தலைவர் முதல் படத்தைக் காட்டினார். அவள் இரண்டாவதைக் காட்டினாள். பேராசிரியர் காரணத்தை அவளிடமே கேட்டார். சொன்னாள். "சுத்தமான கேஸ் ஏன் வாங்கல?" என்று கேட்டார். பிரின்ஸிபால், செக்ரட்டரி, கொள்முதல் கமிட்டி ஆட்கள் எல்லோரும் சுற்றி நிற்க, அதையும் சொன்னாள்.

அந்த வருஷம் கல்லூரிக்கு எதிர்பார்த்த தரம் கிடைக்கவில்லை. அதற்கு எத்தனையோ காரணம். நூலகம் ஒன்றே போதும். ஆனால் எல்லோருக்கும் அவள் முகம்தான் நினைவுக்கு வந்தது. யாரும் அவளை வேலையை விட்டு நீக்கவில்லை. அடுத்த வருஷத்து டைம் டேபிளில் அவள் பெயர் வரவில்லை, அவ்வளவுதான்.

கல்லூரி திறந்த நாள் காலையில் பஸ் ஸ்டாண்டில் நின்றேன். வழக்கமான நேரத்துக்கு, வழக்கமான பையோடு வந்து என் பக்கத்தில் நின்றாள்.

"எங்கட்டி போற?"

"தெரியல. இந்த நேரத்துக்கு வீட்டுல இருந்து பழக்கமில்ல."

பஸ் வந்தது. நான் ஏறினேன். அவள் ஏறவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எண்ணெய்த் தொட்டியை யாரும் தூக்கிப் போட்டுறாமப் பாத்துக்கோட்டி" என்றாள். நான் இராஜபாளையம் வரைக்கும் மலைப் பக்கமே பார்த்துக்கொண்டு போனேன்.

இரண்டு மாதம் சும்மா இருந்தாள். பிறகு ஒருநாள் செக்ரட்டரியே மில்லுக்கு வரச்சொல்லி ஆள் அனுப்பினார். மில்லில் நூலைச் சோதிக்கிற மெஷின் ஒன்று உண்டு. நூல் இரண்டு உலோகத் தகடுகளுக்கு நடுவே ஓடும், எங்கே தடிமன், எங்கே மெலிவு என்பதை மின்சாரம் காட்டிக்கொடுக்கும். நூலில் ஈரம் இருந்தால் மெலிந்த இடமும் தடித்ததாகக் காட்டும். அப்படி நல்ல நூல் என்று அனுப்பியதெல்லாம் வெளிநாட்டிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தது. செக்ரட்டரி சொன்னதை அவள் என்னிடம் ஒரு எழுத்து மாறாமல் ஒப்பித்தாள்.

"அம்மா, காலேஜ்ல நீங்க உண்மையைச் சொன்னா எனக்கு நஷ்டம். மில்லுல நீங்க சொல்லலன்னா எனக்கு நஷ்டம். இங்க வந்துருங்க."

அந்தப் பித்தளைக் குழாய்களையும் எண்ணெய்த் தொட்டியையும் மில்லுக்குக் கொண்டுவர வேண்டும் என்று இவள் கேட்டாள். "அதையா? எடைக்குப் போட எடுத்து வச்சிருக்காங்க. தாராளமாத் தூக்கிட்டு வாங்க" என்றார் அவர். பஞ்சுக்காக அந்த மில்லில் சூட்டையும் ஈரத்தையும் ஒரே அளவில் வைத்திருப்பார்கள். அவள் இத்தனை வருஷம் கனவு கண்ட ஆய்வகம் அதுதான். சேர்ந்த முதல் மாதமே லாரியில் ஏற்றிய நூலை இறக்கச் சொன்னாள். மேனேஜர் முதலாளியிடம் ஓடினார். முதலாளி இரண்டு மொழியிலும் கத்திவிட்டு, இறக்கு என்றார்.

பல்கலைக்கழகத்தில் கெஞ்சி வாங்கிய கூடுதல் அவகாசத்துக்குள் அங்கேதான் ஆராய்ச்சியை முடித்தாள். பிஎச்.டி. வாய்மொழித் தேர்வுக்கு நானும் போயிருந்தேன். வந்திருந்த தேர்வாளர், "இதுல புதுசா என்ன கண்டுபிடிச்சீங்க?" என்றார். "புதுசா ஒண்ணுமில்ல சார். ஏற்கெனவே சொன்னது சரியா இருக்கு" என்றாள். அவர் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை ஃப்ளெக்ஸ் யாரும் வைக்கவில்லை.

அப்பா காலமான பிறகு அவள் அண்ணன் இருக்கிற ஊர்ப் பக்கம் வேறொரு மில்லுக்குப் போய்விட்டாள். இப்போது எப்போதாவது போனில் பேச்சு. அவள் ஊரைவிட்டுப் போவதற்கு முந்தைய ஐப்பசியில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் அவளைப் பற்றி நான் சொன்னதாக ஆகாது.

என் வீட்டுக்காரருக்கு டெங்குக் காய்ச்சல். இராஜபாளையத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். ஒரு நாளும் தலைவலி என்று படுக்காத மனுஷர், கட்டிலில் துணி மாதிரிக் கிடந்தார். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான். "ஒண்ணும் ஆகாது." என் மாமியார், கொழுந்தன், ஸ்டேஷன் ஆட்கள், டீ கொண்டுவந்த பையன்வரை எல்லோரும் சொன்னார்கள். கேட்கக் கேட்க எனக்குப் பயம் கூடிக்கொண்டே போனது. மில்லிலிருந்து நேரே வந்தவளின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ சொல்லுட்டி. ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லு."

அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். "தெரியலட்டி" என்றாள்.

எனக்கு எங்கிருந்து அவ்வளவு ஆத்திரம் வந்தது என்று தெரியவில்லை. "உன் வாயில நல்ல வார்த்தையே வராதா? இது உன் லேப் இல்ல. இது என் புருசன்!" என்று வார்டே திரும்பிப் பார்க்கக் கத்தினேன். அவள் எழுந்துபோய் வெளியே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தாள். வீட்டுக்குப் போகவில்லை. மறுநாளும் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

காய்ச்சல் விட்டது. மாமியார் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைக்க ஆள் அனுப்பினார். ஒரு நாள் கூட இருக்கட்டும் என்று டாக்டர் சொன்னதைக் கேட்காமல், கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கூட்டிப்போகலாம் என்று கொழுந்தன் கிளம்பிவிட்டார். சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். அவள் உள்ளே வந்து கட்டிலுக்கும் வாசலுக்கும் நடுவில் நின்றாள்.

"இன்னைக்குக் கூட்டிட்டுப் போகாதீங்க. காய்ச்சல் விட்ட பொறவுதான் கவனமாப் பாக்கணும்னு டாக்டர் சொன்னாக. நானும் பக்கத்துல நின்னு கேட்டேன்."

"இந்தாம்மா, காய்ச்சல் சுத்தமா இல்ல. நீங்களே தொட்டுப் பாருங்க" என்றார் கொழுந்தன்.

"அதனாலதான் சொல்லுதேன்."

"யாரு இது, நல்ல நேரத்துல அபசகுனமா?" என்று மாமியார் சத்தம் போட்டார். அவள் நகரவில்லை. என் முகத்தையே பார்த்தாள். நான் கட்டிய பையை அவிழ்த்தேன். "அவிய இங்கனயே இருக்கட்டும்" என்றேன். கொழுந்தன் என்னோடு பேசாமல் வெளியே போனார்.

அன்று சாயங்காலம் என் வீட்டுக்காரருடைய கை கால் சில்லிட்டுப் போனது. நாடி இறங்கியது. நர்ஸ்கள் ஓடினார்கள், டாக்டர் ஓடிவந்தார், எங்களை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்கள். வீட்டுக்குப் போயிருந்தால் திரும்பக் கொண்டுவர நேரம் இருந்திருக்காது என்று டாக்டர் பிறகு சொன்னார். மாமியார் பெஞ்சில் அவள் பக்கத்தில்போய் உட்கார்ந்து அவள் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டார். அவள் அவர் முதுகைத் தடவிக் கொடுத்தாள். ஒன்றும் ஆகாது என்று அப்போதும் சொல்லவில்லை.

இரண்டு நாள் கழித்து, காலை வெயில் ஜன்னலில் விழுந்துகொண்டிருந்தபோது, ரத்தப் பரிசோதனைத் தாளை வாங்கிப் பார்த்தாள். நர்ஸிடம் ஏதோ கேட்டாள். கட்டில் அருகே போய் அவர் கையைத் தொட்டுப் பார்த்தாள். என்னிடம் வந்தாள்.

"இனிப் பயமில்லட்டி" என்றாள். மில்லுக்கு நேரமாகிறது என்று பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

கொஞ்ச நேரத்தில் பெரிய டாக்டர் நாலைந்து பேர் புடைசூழ வந்தார். நன்றாகத் தேறிவிட்டார், இனிக் கவலையே வேண்டாம் என்று சிரித்துப் பேசிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் அவர் போகிறவரைக்கும் சும்மா கிடந்தார். பிறகு விரலை அசைத்து என்னைக் கிட்டத்தில் கூப்பிட்டார்.

"டாக்டரு சொல்லுதது கெடக்கட்டும். அந்தம்மா என்ன சொல்லுச்சு?"

"இனிப் பயமில்லன்னு சொல்லிட்டா."

"அந்தம்மாவேவா?"

"அவளேதான்."

அவர் கண்ணை மூடி ஒரு மூச்சு விட்டார்.

"அப்ப ரெண்டு இட்லி வாங்கியாரச் சொல்லு" என்றார்.